ஜல்லிக் குழியைக் காலிசெய்து உறை இறக்கியது: ஒரு தெருவின் மழைநீர் வேலைப் பதிவு

தாம்பரம்–வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் குறுக்குத் தெருக்களில் ஒன்று. அகலம் 20 அடி, நீளம் சுமார் 300 அடி. கிழக்கே மேடு, மேற்கே பள்ளம், பள்ளத்தில் முட்டுச்சந்து. ஐப்பசியில் முட்டுச்சந்து வீடுகளின் வாசற்படி ஏறித் தண்ணீர் வரும். சித்திரையில் அதே வீடுகளின் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) காற்றுதான் வரும். லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். இங்கே செய்தவை மூன்று வேலைகள். வீட்டுக்கு வீடு செத்துக் கிடந்த மழைநீர்க் குழிகளைச் சோதித்துச் சரிசெய்தது, மொட்டைமாடிக் குழாய்களை ஒழுங்குபடுத்தியது, தெரு ஓரத்தில் 16 அடி ஆழத்துக்கு உறைக்கிணறு (சிமென்ட் வளையங்களை அடுக்கிய கிணறு) இறக்கியது. விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் பொருள் அளவு மட்டும் தருகிறோம். உங்கள் பக்கத்து விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம்.

பழைய குழிகளின் நிலை

2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கெடுத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஏராளமான குழிகள் தோண்டப்பட்டன. பெரும்பாலும் ஒரே அச்சு: 2 அடிக்கு 2 அடி, 5 அடி ஆழம், அடியில் 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் ஆற்று மணல், கடைசியில் சிமென்ட் வைத்துப் பூசிவிட்ட ஸ்லாப். இதற்குப் பிறகு கட்டிய வீடுகளிலும் பிளான் அப்ரூவலுக்காக இதையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

இந்த அமைப்பின் முதல் குறை கொள்ளளவு. குழி 20 கன அடி, அதாவது 566 லிட்டர். ஜல்லியை நிரப்பியதும் கற்களுக்கு இடையே மிஞ்சும் இடம் நூற்றுக்கு நாற்பது அளவுதான். ஆக 225 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர் விழுகிறது. தளம் குடித்தது, தெறித்தது போக 79 லிட்டர் குழாய்க்கு வரும். 3 மி.மீ. மழைக்குக் குழி நிரம்பிவிட்டது. கார்த்திகையில் கால் மணி நேரம் கொட்டினாலே 10 மி.மீ. தாண்டும். மிச்சமெல்லாம் கேட்டுக்கு வெளியே ஓடி முட்டுச்சந்துக்குப் போகிறது.

இரண்டாவது குறை அதைவிட மோசம். மாடித் தூசி, வேப்பஞ்சருகு, தளவரிசைக் கல்லின் இடுக்கில் உதிரும் சுண்ணாம்பு எல்லாம் மணலின் மேல் நான்கு அங்குலத்தில் வந்து படிகின்றன. காபி ஃபில்டரில் பொடி அடைத்துக்கொண்டால் மேலேயே நிற்குமே, அதுதான் இங்கேயும். ஆனால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவலாம். ஸ்லாப் பூசிய குழிக்குள் கையே போகாது. மூன்று நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு அந்த மணல் கறுத்துக் களியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் குழிக்குள் போகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

சோதனைக்கு ஒரு 200 லிட்டர் நீல டிரம் போதும். குழாயைக் குழிக்கு மேலே கழற்றி டிரம் தண்ணீரை மொத்தமாக ஊற்றுங்கள். முதல் டிரம் மண்ணை நனைக்கத்தான், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இரண்டாவது டிரம்மை ஊற்றி, அடி அளவு குறித்த மூங்கில் குச்சியை ஸ்லாப் ஓட்டை வழியே விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரம் எதுவரை இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் அரை அடிகூட இறங்காவிட்டால் குழி செத்துவிட்டது. இந்தத் தெருவில் பெரும்பாலான குழிகளில் தண்ணீர் மறுநாளும் அப்படியே நின்றது. சில வீடுகளில் தண்ணீர் உடனே காணாமல் போனது. அது நல்ல குழி என்று நினைத்துவிடக் கூடாது. ஓவர்ஃப்ளோ குழாய் குழியின் பாதி உயரத்தில் இருந்தது, ஊற்றியது எல்லாம் நேராகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. ஓவர்ஃப்ளோவின் அடிமட்டம் உள்ளே வரும் குழாயைவிட 2 அங்குலம் மட்டும் தாழ்வாக இருந்தால் போதும்.

கண்டுபிடித்த வேறு கோளாறுகளும் எங்கும் இருப்பவைதான். போர்ட்டிகோ போட்டபோது குறுக்கே வந்த மழைக்குழாயை அறுத்து அப்படியே விட்டது. வாஷிங் மெஷின் தண்ணீரை மழைக்குழாயில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைத்தது. இது உடனே பிரிக்க வேண்டியது, சோப்புத் தண்ணீர் மண்ணை அடைப்பதோடு நிலத்தடி நீரையும் கெடுக்கும். கார் நிறுத்தும் இடத்துக்கு டைல்ஸ் ஒட்டியபோது வாட்டம் முழுவதையும் கேட்டை நோக்கி வைத்தது.

குழியைக் காலிசெய்தல்

இந்த வேலையில் நாங்கள் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: குழிக்குள் எதையும் நிரப்பாதீர்கள். வண்டலைக் குழிக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் பிடியுங்கள். குழி வெறுமையாக இருக்கட்டும்.

ஜல்லியை எடுத்துவிட்டால் மண்சுவர் சரியும், ஆகவே உறை வேண்டும். 2½ அடி விட்டம், 1 அடி உயரம் கொண்ட சிமென்ட் உறை எட்டு. குழியை 8 அடிக்கு ஆழப்படுத்தி உறைகளை அடுக்கினால் கொள்ளளவு 39 கன அடி, 1,100 லிட்டர். பழையதைப்போல ஐந்து மடங்கு. உறைக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள சந்தில், எடுத்த ஜல்லியையே அலசிப் போட்டோம். ஜல்லிக்கு வேலை அங்கேதான். மூடிக்குக் கொக்கி வைத்த இரண்டு துண்டு ஸ்லாப் வாங்குங்கள். ஒரே துண்டாக இருந்தால் ஒருவரால் தூக்க முடியாது, தூக்க முடியாததை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சிமென்ட் வைத்துப் பூசவே கூடாது.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய குழிகளை மட்டும் ஆழப்படுத்தவில்லை. சுவரின் கடைக்கால் 3 அடியில் நிற்கும்போது பக்கத்தில் 8 அடி தோண்டினால் கடைக்காலுக்குக் கீழே மண் அரித்துக்கொண்டு போகும். வீட்டுச் சுவரிலிருந்தும் காம்பவுண்டிலிருந்தும் 5 அடி தள்ளி இடம் இருந்தால் புதுக்குழி. இல்லையென்றால் அந்த வீட்டு மாடித் தண்ணீரைத் தெருக்கிணற்றுக்குத் திருப்பிவிடுவது நல்லது. செப்டிக் டேங்க் இருக்கும் வீட்டில் அதற்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்பது பொது விதி. அரை கிரவுண்டு மனையில் இது நடக்காது. அப்படிப்பட்ட வீடுகளிலும் தெருக்கிணறுதான் வழி.

மொட்டைமாடி

1,000 சதுர அடிக்கு 110 மி.மீ. குழாய் ஒன்று, அல்லது 75 மி.மீ. இரண்டு. பழைய வீடுகளில் 63 மி.மீ. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் அது போதாது. மாடியில் தண்ணீர் தேங்கி, தளம் ஒழுகுவதற்கும் அதுவே காரணம். குழாய் வாயில் தட்டையான ஜல்லடை வைத்தால் ஒரே ஒரு பிளாஸ்டிக் கவர் வந்து உட்கார்ந்து முழுதாக அடைத்துவிடும். கூம்பு அல்லது குமிழ் வடிவ ஜல்லடை வாங்குங்கள்.

முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தானாகப் பிரிக்கும் கருவி என்று குழாயை நீட்டி அடியில் மூடி போட்டுக் கொடுப்பார்கள். 110 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்கு 8½ லிட்டர்தான் கொள்ளும். 3 மீட்டர் குழாய் வைத்தாலும் 25 லிட்டர். 1,000 சதுர அடி மாடிக்கு அது கால் மி.மீ. மழை. பெயருக்குத்தான் பிரிக்கிறது. அதைவிடச் செங்குத்துக் குழாயின் அடியில் ஒரு டீ போட்டு, கீழ்வாய்க்குத் திருகுமூடி வைத்துவிடுங்கள். ஆனி, ஆடி முழுக்க அது திறந்தே இருக்கும். புரட்டாசியில் மாடியைப் பெருக்கிக் கழுவிவிட்டு, ஒரு நல்ல மழை கழிந்ததும் மூடியைத் திருகி மூடினால் தண்ணீர் குழிக்குத் திரும்பும்.

திறந்த கிணறு உள்ள வீடுகளில் மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்கே விடலாம். போருக்குள் நேராக விடக் கூடாது. போரில் தண்ணீர் வருவது பாறை வெடிப்புகள் வழியே. வண்டல் போய் வெடிப்பில் உட்கார்ந்தால் அதைத் தோண்டி எடுக்க வழியில்லை. போரிலிருந்து 10 அடி தள்ளிக் குழி போட்டால் மண்ணே வடிகட்டிக் கொடுக்கும்.

சென்னைக்கு ஆண்டு மழை சராசரி 1,400 மி.மீ. அளவு, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டிவிடும். 1,000 சதுர அடி மாடிக்கு இது ஆண்டுக்கு 1,10,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது நடை. கூட்டத்தில் வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது இந்தக் கணக்குதான். வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் மேட்டு வீட்டுக்காரர்கள் அசையமாட்டார்கள். லாரிக் கணக்கைச் சொன்னால் பேனா எடுக்கிறார்கள்.

தெருக்கிணறு: இடம், அனுமதி, மண்

தெரு மாநகராட்சிக்குச் சொந்தம். குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் வார்டு உதவிப் பொறியாளருக்கு இடத்தைக் குறித்த கைவரைபடத்தோடு மனு கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மிச்சத்தை அரசு போடும். காகித வேலை அதிகம், ஆனால் இரண்டு மூன்று கிணறு சேர்த்துச் செய்வதானால் அந்த வழியில் போவது நல்லது. மின்வாரியத்தில் புதைகேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டாலும் முதல் 4 அடியைக் கடப்பாரை இல்லாமல் மண்வெட்டியால் மட்டும் எடுக்க வேண்டும். கேபிள் வரைபடத்தில் இருக்கும் இடத்தில் எப்போதும் இருப்பதில்லை. பொக்லைன் வேண்டாம்.

இடம் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் கை காட்டியது முட்டுச்சந்தின் அடிமூலையை. அங்கே வைக்கவில்லை. பாதாளச் சாக்கடை மேன்ஹோல் அந்த மூலையில்தான் இருக்கிறது, கனமழையில் அது பொங்கும். சாக்கடை கலந்த தண்ணீரைக் கிணற்றில் இறக்கினால் பத்து வீட்டுப் போரைக் கெடுத்த பாவம் வந்து சேரும். மேன்ஹோலிலிருந்து கிழக்கே, மேட்டுப் பக்கமாக 60 அடி தள்ளி, மேன்ஹோல் பொங்கினாலும் தண்ணீர் ஏறி வராத மட்டத்தில் இடம் குறித்தோம். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துப் பார்த்ததில் மேன்ஹோல் மூடியைவிட அந்த இடம் 9 அங்குலம் உயரம். தெருவின் தண்ணீரில் முக்கால்வாசி இந்த இடத்தைத் தாண்டித்தான் கீழே போகிறது, அதனால் நஷ்டம் பெரிதில்லை.

டியூப் லெவலை எடுத்ததோடு எல்லா வீட்டு வாசல் மட்டத்தையும், தார்ச்சாலை நடுமட்டத்தையும் குறித்து வைத்துவிட்டோம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே போட்டுப்போட்டு வீடுகள் பள்ளத்துக்குப் போனதுதான் பாதி வெள்ளத்துக்குக் காரணம். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். ஒப்பந்ததாரரிடம் வாயால் சொன்னால் காதில் விழாது. மட்டம் எழுதிய தாளை நீட்டினால் விழுகிறது.

மண் என்ன என்று தெரியாமல் உறைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். 6 அங்குலக் கை ஆகர் (மண்ணைத் துளைக்கும் திருகுக் கருவி) கொண்டு 12 அடிவரை துளை போட்டதில் வந்தது: மேலே 2 அடி கட்டட இடிபாடு, அடுத்த 4 அடி கறுப்புக் களி, அதற்கடுத்து 3 அடி சுக்கான் (சுண்ணாம்புக்) கல் கலந்த மணற்களி, 9 அடிக்குக் கீழே உதிரும் பாறை. தென்புறநகரில் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கருங்கல். (கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக் கல்லறைக்கு இங்கே பல்லாவரம் பக்கத்திலிருந்துதான் கல் போயிற்று, பாறைக்கு அவர் பெயர் வந்தது அப்படி.) அதன் மேல்பக்கம் சிதைந்து நொறுங்கிக் கிடக்கும் அடுக்குதான் தண்ணீரைக் குடிக்கும். களியோடு நிறுத்திய கிணறு தொட்டிதான். திருவான்மியூர், பெசன்ட் நகர்போல மணற்பாங்கான கடலோரத்தில் 8 அடியே போதும். இங்கே களியைத் தாண்டிக் குறைந்தது 6, 7 அடி போக வேண்டும். அதனால் 16 அடி.

பொருளும் அளவும்

உள்விட்டம் 4 அடி, கனம் 2 அங்குலம், உயரம் 1 அடி உள்ள உறைகள் பதினாறு. ஒன்று சுமார் 150 கிலோ இருக்கும். உறைக்கடையில் கேட்டால் துளை போட்டே வார்த்துத் தருவார்கள். கீழ் ஏழு உறைக்கு மட்டும் ஒவ்வொன்றிலும் ஆறு துளை, 2 அங்குல விட்டம். களி அடுக்கில் நிற்கும் உறைக்குத் துளை கூடாது, அந்த வழியே களி கரைந்து உள்ளே வரும்.

குழி விட்டம் 5 அடி 4 அங்குலம். உறையைச் சுற்றி 6 அங்குலச் சந்து கிடைக்கும். கீழ் 7 அடிக்கு அந்தச் சந்தில் 40 மி.மீ. ஜல்லி, 53 கன அடி, அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். அதற்குமேல் 9 அடிக்கு எடுத்த களியையே அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசு கட்டையால் இடிக்க வேண்டும். இடிக்காமல் விட்டால் அடுத்த மழையில் சாலை ஓரம் உள்வாங்கும், பால் வண்டிச் சக்கரம் அதில் இறங்கும். தோண்டியெடுக்கும் மண் 357 கன அடி, வெளியே வந்ததும் பொங்கி 4½ யூனிட் ஆகிவிடும். அதை அள்ள லாரியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெருவில் ஒரு ராத்திரி விட்டுவைத்தால் மழை பெய்யும்.

தெருத் தண்ணீர் கிணற்றுக்குள் போகும் முன் மண் தங்குவதற்கான வண்டல் தொட்டிக்கு: செங்கல் 620 (உடைசல் சேர்த்து), சிமென்ட் 5 மூட்டை, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) கால் யூனிட், அடிக் கான்கிரீட்டுக்கு 20 மி.மீ. ஜல்லி 10 கன அடி, 160 மி.மீ. பிவிசி குழாய் ஒரு நீளம், டீ ஒன்று, எண்ட் கேப் ஒன்று, வாயில் வைக்க 2 அடிக்கு 1½ அடி இரும்புக் கிராதி, மூடிக்குக் கடப்பாக்கல் அல்ல, கம்பி கட்டிய 4 அங்குல கான்கிரீட் ஸ்லாப். சாலை ஓரத்தில் கார் ஏறும்.

தோண்டும் மாதம் ஆனி, ஆடி. மழைக்காலம் முடிந்ததும் இப்பகுதியில் நிலத்தடி நீர் மட்டம் மேலே ஏறிவிடும், அப்போது தோண்டினால் 8 அடியிலேயே ஊற்று அடித்து வேலை நின்றுபோகும்.

இறக்குதல்

மேல் 2 அடி இடிபாடு சரியும் என்பதால் அந்த ஆழத்துக்கு மட்டும் சுற்றிலும் ஓர் அடி அகலமாக வெட்டி விளிம்பு விட்டோம். களி தானாக நிற்கும். மணற்பாங்கான ஊராக இருந்தால் முழுதும் தோண்டிவிட்டு உறை வைக்க முயலாதீர்கள். முதல் உறையை வைத்து, அதற்குள் நின்று தோண்டத் தோண்ட உறை இறங்கும், மேலே அடுத்ததை ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

கிணற்றில் ஆள் இருக்கும்போது மேலே எப்போதும் இரண்டு பேர், இறங்கியவர் இடுப்பில் கயிறு. விளிம்பிலிருந்து 5 அடிக்குள் எடுத்த மண்ணைக் குவிக்கவோ வண்டி நிறுத்தவோ கூடாது. தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் எஞ்சினைக் குழிக்குள் இறக்குவது கொலைக்குச் சமம், புகை அடியில் தங்கிவிடும். மூடிக்கிடந்த பழைய கிணற்றைத் தூர்வாருவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். விளக்கு அணையவில்லை என்பதை நம்பி இறங்காதீர்கள், நச்சுவாயு விளக்கை அணைப்பதில்லை. நாள் முழுக்கத் திறந்துவைத்து, பிளோயர் போட்டு, வாயு அளக்கும் கருவியால் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

அடிமட்டத்தில் கான்கிரீட் போடக் கூடாது. எடுத்த பாறைத் துகளையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு, 40 மி.மீ. ஜல்லியை 6 அங்குலத்துக்குப் பரப்பினால் மேலிருந்து விழும் தண்ணீர் அடியைக் குடையாது. மூங்கில் முக்காலியில் கப்பி கட்டி வடக்கயிற்றில் உறையைக் கோத்து இறக்க வேண்டும். ஆள் அடியில் நிற்கும்போது உறை மேலே தொங்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம், தூக்குக்குண்டு பார்க்க வேண்டும். முதல் உறை அரை அங்குலம் சாய்ந்தால் பதினாறாவது உறை சாலைக்கு வந்து நிற்கும். கீழ் ஏழு உறைக்கு இடையில் கலவை வைக்கவில்லை, அந்த இடுக்கு வழியும் தண்ணீர் போகட்டும். மேலே உள்ளவற்றுக்கு 1:4 கலவை. கடைசி உறை சாலை மட்டத்துக்கு 6 அங்குலம் மேலே நிற்க வேண்டும். மட்டமாக வைத்தால் வெள்ளம் தொட்டியைச் சுற்றிக்கொண்டு மூடி வழியே நேராக இறங்கும்.

வண்டல் தொட்டி

எல்லாம் இதில்தான் இருக்கிறது. உள்ளளவு 3 அடிக்கு 2 அடி ஓர் அறை, 2 அடிக்கு 2 அடி அடுத்த அறை, ஆழம் 3 அடி, 9 அங்குலச் சுவர். நடுவில் 4½ அங்குலத் தடுப்பு, 2 அடி உயரம். தெருத் தண்ணீர் கிராதி வழியே முதல் அறையில் விழுந்து, மணல் அடியில் தங்கி, தடுப்பின் மேலே வழிந்து இரண்டாம் அறைக்குப் போகும். இரண்டாம் அறையிலிருந்து கிணற்றுக்கு 160 மி.மீ. குழாய், அடியிலிருந்து 1½ அடி உயரத்தில். குழாயின் தொட்டிப் பக்க முனையில் டீயைச் செங்குத்தாக மாட்டி, கீழ்க்காலைத் தண்ணீருக்குள் நீட்டிவிட வேண்டும். மிதக்கும் எண்ணெய், தெர்மோகோல், பால் கவர் எல்லாம் மேலேயே நின்றுவிடும், டீ கீழேயிருந்து எடுத்துக்கொள்ளும். மேல்காலை மூடியில்லாமல் விடுங்கள், இல்லாவிட்டால் காற்று அடைத்து இழுக்கும். ஆனால் அதன் வாய் கிராதி மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

எண்ட் கேப் எதற்கென்றால், டீயின் கீழ்வாயை அடைக்க. பருவத்தின் முதல் மழைக்கும், மேன்ஹோல் பொங்கும் நாளுக்கும், தெருவில் யாராவது பெயின்ட் டப்பா கழுவிய நாளுக்கும் கேப்பைத் திணித்துக் கிணற்றை மூடிவிடலாம். மேல்வாய்க்கும் ஒரு பழைய துணிப்பந்து போதும்.

மழைக்குப் பிறகு

4 அடி கிணற்றில் தண்ணீர் ஓர் அடி இறங்கினால் 356 லிட்டர் மண்ணுக்குள் போயிற்று என்று பொருள். முதல் நல்ல மழையில் கிணறு நிரம்பிய பின் பார்த்ததில் ஒரு மணி நேரத்துக்கு 3 அடி இறங்கியது. நல்ல வேகம். அடுத்தடுத்த மழையில் அது 1 அடிக்கு வந்தது. காரணம் இரண்டு. ஒன்று, சுற்றிலும் மண் ஊறிவிட்டது. இது இயல்பு, செய்வதற்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, கிழக்கு முனையில் வீடு கட்டுபவர் எம்-சாண்டைத் தெருவில் கொட்டியிருந்தார். எம்-சாண்டில் இருக்கும் மாவுத்தூள் தொட்டியில் தங்காது, தண்ணீரோடு மிதந்து கிணற்றுக்குள் போய்த்தான் படியும். அடியில் 3 அங்குலம் சாம்பல் நிறச் சேறு. தண்ணீர் வற்றிய இடைவெளியில் ஆள் இறங்கிச் சேற்றையும் மேல் ஜல்லியையும் அள்ளி, ஜல்லியை அலசித் திரும்பப் போட்டதும் வேகம் 2 அடிக்கு மேல் வந்தது. இப்போது தெருவில் கட்டட வேலை தொடங்குபவர்கள் மணலைச் சுற்றி ஒரு வரி ஹாலோ பிளாக் வைத்து, தார்ப்பாய் மூட வேண்டும் என்பது சங்கத்தின் ஏற்பாடு. சண்டை இல்லாமல் இது நடப்பதற்கு, வேலை தொடங்கும் முன்பே போய்ச் சொல்ல வேண்டும். மணல் இறங்கிய பிறகு சொன்னால் அது சண்டைதான்.

கிணற்றின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கொள்ளளவு 5,700 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் தெரு மட்டுமே 25,000 லிட்டர் கொடுக்கும், வீட்டு வாசல்களும் மாடிகளும் தனி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது, அதற்கு எந்தக் கிணறும் ஈடுகொடுக்காது. சாதாரண மழை நாளில் முட்டுச்சந்தில் நிற்கும் தண்ணீர் முன்பு மறுநாள்வரை கிடந்தது, இப்போது மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிகிறது. பெருமழைக்கு வேண்டியது ஒழுங்கான மழைநீர் வடிகால், அது ஏரிக்கோ சதுப்புநிலத்துக்கோ போய்ச் சேரும் வழி. அதைக் கேட்டு மனு கொடுப்பதை இந்தக் கிணற்றைக் காட்டி யாரும் நிறுத்திவிடக் கூடாது.

கொசு பற்றிக் கேள்வி வரும், வர வேண்டியதுதான். கிணற்றுக்கு மூடி உண்டு, பிரச்சினை வண்டல் தொட்டியின் முதல் அறையில் 2 அடியும் இரண்டாம் அறையில் 1½ அடியுமாகத் தங்கும் தண்ணீர். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மழை விட்ட ஐந்தாம் நாள் வாளியால் இறைத்துவிட்டால் கவலை இல்லை. அப்போதே வண்டலும் வந்துவிடும். கிராதிக்குக் கீழே கொசுவலை கட்டிப் பார்த்தோம், முதல் மழையிலேயே சருகு அடைத்துத் தண்ணீர் உள்ளே போகவில்லை. மழை இல்லாத நாட்களில் மட்டும் கிராதிமேல் ரப்பர் ஷீட் விரித்துச் செங்கல் வைப்பது போதும்.

முறை வைத்திருப்பது இப்படி: தொட்டிக்கு அருகில் உள்ள நான்கு வீடுகள் மாற்றி மாற்றி, ஐப்பசி முதல் மார்கழிவரை ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் கிராதியைத் தள்ளிச் சருகு எடுப்பது. முதல் அறையில் வண்டல் 1 அடி சேர்ந்தால் அள்ளுவது. அள்ளிய வண்டல் செடிக்கு ஆகாது, சாலை எண்ணெய் கலந்தது. சிமென்ட் சாக்கில் கட்டி மாநகராட்சி இடிபாட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். கிணற்றின் அடியைப் பங்குனியில் ஒருமுறை, வறண்டிருக்கும்போது பார்ப்பது. கொக்கி, எண்ட் கேப், அளவுக்குச்சி, பழைய வாளி நான்கும் முட்டுச்சந்து முதல் வீட்டின் கேட் உட்புறம் தொங்குகின்றன. அந்த வீட்டார் ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது கிணறு கிழக்கு முனையில், தெருவிளக்குக் கம்பத்துக்கு 12 அடி தள்ளி. அங்கே ஆகர் போட்டதில் களி 2 அடிதான், 7 அடியிலேயே உதிர்பாறை வந்தது. அதனால் 12 உறை, துளை உதிர்பாறையில் நிற்பவற்றுக்கு மட்டும்.